லேத்தம்மன் கோயிலில் நடை சாத்திய நேரம்

1

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது ஓசூரை இல்லை, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிற்றூரை. இங்கே ஞாயிறன்று புல் வெட்டக் கூடாது, காலி பாட்டிலைத் தெருக்கோடித் தொட்டியில் போடக் கூடாது, சுவரில் துளை போடும் மிஷினை நினைக்கவே கூடாது. கோயிலுக்கே போகாத ஆட்கள்தான் இந்த விரதத்தை இன்னும் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தும், போன வருடம் ஆயுத பூஜைக்குச் சில வாரம் முன்னால், ஒரு ஞாயிறு காலையில் நான் ஆணி அடித்தேன். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் வாங்கியிருந்த ஃபிளாட்டுக்காக பில்டர் அனுப்பிய அன்பளிப்பு வந்திருந்தது. எட்டு மாடிக் கட்டடத்தின் படம், தங்க நிறச் சட்டம், கீழே 'நாதமாலா ஹைட்ஸ்: இசை சூழ்ந்த இல்லம்' என்ற எழுத்து. கூடத்தில் மாட்டச் சொன்னவள் என் மனைவி கவிதா. ஆணி பாதி இறங்குவதற்குள் கீழ்வீட்டுக்காரர் வந்து மணியடித்தார். அவர் கோபப்படவில்லை. "உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று விசாரித்தார். ஞாயிறன்று சுத்தியல் எடுக்கிறவனுக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு உள்ளே வந்தால் கைபேசியில் 'நாதமாலா ஓனர்ஸ்' குழுவிலிருந்து செய்தி. கட்டடத்துக்கு எதிரே இருக்கும் பழைய ஷெட்டில் ஞாயிறுதோறும் சகிக்க முடியாத பாட்டுச் சத்தம், அதை மூடச் சொல்லி மனு கொடுக்கிறோம், உரிமையாளர்கள் எல்லோரும் தங்கள் பெயரைச் சேர்க்கவும் என்று எழுதியிருந்தது.

நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்தேன். அந்த ஷெட்டில் பத்து வருடம் பாடியவன் நான். அந்த ஷெட் எதிரே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த ஃபிளாட்டை வாங்கினோம். "ரிடையர் ஆனதும் நீங்க பால்கனியில் நின்னே பாட்டு கேக்கலாம்" என்று சொல்லித்தான் கவிதா என்னைக் கையெழுத்துப் போட வைத்தாள். ஷெட்டுக்காக வாங்கிய வீடு இப்போது ஷெட்டை விழுங்க வருகிறது, அந்த வாயில் என்னுடைய பல்லும் ஒன்று இருக்கிறது.

2

அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முனிராஜுடைய லேத் பட்டறை. முனிராஜும் நானும் ஒரே தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். எனக்கு வெளிநாட்டு வாய்ப்பு வந்தது ரொம்பப் பின்னால். அவனுக்கு அதற்கு வெகு காலம் முன்பே மேலதிகாரியோடு சண்டை வந்தது. வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டு நிலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, பழைய மிஷின்களை வாங்கிப் பட்டறை வைத்தான். பெரிய கம்பெனிகள் எல்லாம் கணினி மிஷினுக்கு மாறியதும் ஆர்டர் நின்றது. ஒவ்வொரு மிஷினாக விற்றான். ஒரு லேத் மட்டும் மிஞ்சியது. அதைத் தரையோடு சேர்த்துக் காங்கிரீட் போட்டிருந்தான். பெயர்த்தால் ஷெட்டே விழும்.

அந்த லேத்தைச் சுற்றித்தான் பாட்டு ஆரம்பமானது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் அப்படியே வந்து முன்வரிசைப் பாயில் படுத்துக்கொள்வார்கள். தூங்கினாலும் தப்பில்லை, குறட்டைக்கு மட்டும் தடை. சினிமாப் பாட்டு கிடையாது. சொந்தமாக எழுதிய பாட்டுத்தான். கேன்டீன் சாம்பாரைப் பற்றி, காண்ட்ராக்ட் ஏஜென்டைப் பற்றி, பெங்களூர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவதைப் பற்றி எல்லாம் பாட்டு இருந்தது. ஊரில் இருந்த ஏரி காணாமல் போனதைப் பற்றி முனிராஜ் கட்டிய பாட்டு ரொம்பப் பிரபலம்:

*ஏரி எங்கடா போச்சு?*
*எட்டு மாடி ஏறிப் போச்சு.*
*மீனு எங்கடா போச்சு?*
*லிஃப்டுக்குள்ள நின்னு போச்சு.*

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. வேறெங்கும் நான் அதைக் கண்டதில்லை. பாட வருகிறவன் முதல் இரண்டு பாட்டை எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடலாம். மூன்றாவது பாட்டு அவனுக்குச் சொந்தமில்லாத மொழியில் இருக்க வேண்டும். முனிராஜ் வீட்டில் தெலுங்கு, டிரம்ஸ் வாசிக்கும் நாகேஷ் வீட்டில் கன்னடம், என் வீட்டில் தமிழ். ஒருமுறை எந்த மொழிப் பாட்டு அதிகம் என்று கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. அன்றைக்கு முனிராஜ் போட்ட சட்டம் அது. மூன்றாவது பாட்டில் உச்சரிப்பு தப்பினால் கூட்டம் விசிலடிக்கும். கேலியும் பாராட்டும் அந்த விசிலில் சேர்ந்தே இருக்கும். நான் கன்னடத்தில் பாடிய நாட்களில் விசில் ஓயவே ஓயாது. நாகேஷ் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "சிவண்ணா, இது கன்னடம்னு எங்கம்மாகிட்ட சொல்லிராத, அழுதுடும்" என்பான்.

பில்டர் முதலில் அனுப்பிய பளபள புத்தகத்தின் அட்டையில் இருந்தது இந்த ஷெட் கூட்டத்தின் படம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அழித்து நீல வானம் போட்டிருந்தார்கள். பாயில் படுத்திருந்தவர்களை அழித்துப் புல்தரை போட்டிருந்தார்கள். நாகேஷை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், கொஞ்சம் சிவப்பாக்கி. இசையைக் காட்டி வீட்டை விற்றார்கள். கட்டடத்தில் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு ராகத்தின் பெயர். எங்களுடையது கல்யாணி.

3

குழுவில் நான் நீளமாக ஒரு பதில் எழுதினேன். ஷெட் முதலில் வந்தது, நாம் பின்னால் வந்தோம், அதன் படத்தைப் பார்த்துத்தானே வீடு வாங்கினோம் என்று கேட்டேன். சங்கச் செயலாளர் தனசேகர், ஓய்வுபெற்ற மேலாளர், பண்பானவர். உடனே பதில் போட்டார்: "சார், நீங்க வெளிநாட்டுல அமைதியா இருக்கீங்க. சந்தோஷம். எங்களுக்கும் அந்த அமைதி வேணும்னு கேக்கறோம். அவ்ளோதான்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். பாதி இறங்கிய ஆணியைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தேன்.

அதே சமயத்தில் இங்கேயும் ஒன்று நடந்தது. என் மகள் மித்ரா பள்ளிக்கூட இறுதி வகுப்பு. நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய மது ஆலையின் நிலவறையில் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடிவந்தாள். அந்த நிலவறைதான் எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மேடை. ஆலையை ஒரு நிறுவனம் வாங்கியது. படைப்பாற்றல் மிக்க அலுவலக வளாகம் கட்டப் போகிறார்களாம். படைப்பாற்றலுக்கு முதல் தடையாக இருந்தது கீழே வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

நகராட்சியில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மித்ரா என்னையும் இழுத்துப் போனாள். தண்ணீர், பிஸ்கட், பெயர் அட்டை எல்லாம் கொடுத்தார்கள். பேச வேண்டும் என்று கைதூக்கிய எல்லோரையும் பேச விட்டார்கள். நானும் எழுந்தேன். வீட்டில் நான்கு தடவை சொல்லிப் பார்த்த ஜெர்மன், மேடையைக் கண்டதும் ஓடிவிட்டது. மேயரைப் பார்த்து, "நீ யோசித்துப் பார், இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?" என்று ஒருமையில் கேட்டுவிட்டேன். மித்ரா நாற்காலிக்குள் சுருங்கிப் போனாள். மேயரம்மா புன்னகை மாறாமல் குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள், எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள், நிலவறையை மூடிவிட்டார்கள். இவ்வளவு மரியாதையாக ஓர் இடத்தை மூடி நான் பார்த்ததில்லை. புதிய அலுவலக வரவேற்பறையில் கிட்டார் படம் ஒன்றை வரைவதாக நிறுவனம் உறுதி கொடுத்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டிராமில் அவள் அழுதாள். நான் தமிழில் ஆறுதல் சொன்னேன், அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. சிறுவயதில் தமிழில் சண்டை போடுவாள். பள்ளிக்கூடம் போன பிறகு ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்து, இப்போது 'அப்பா', 'பசிக்குது', 'போதும்' மட்டும் மிச்சம்.

"உங்கள் ஊரில் இப்படி நடந்தால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள்.

"மனு கொடுப்பாங்க" என்றேன். மனு கொடுத்தது எந்தப் பக்கம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

4

ஆயுத பூஜை என்றால் ஓசூர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் தீபாவளியை மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். வருடம் முழுக்க எண்ணெயும் திட்டும் வாங்கிய மிஷின், அன்றைக்குக் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை முன்னால் உட்கார்ந்திருக்கும். மறுநாள் விஜயதசமி வரைக்கும் அலங்காரத்தைக் கலைக்க மாட்டார்கள். அந்தப் பொட்டு காயும்வரை மிஷினை அதட்டக்கூட மாட்டார்கள்.

முனிராஜின் லேத் ஓடி வருடக்கணக்காகிவிட்டது. இருந்தாலும் அவன் பூஜையை விட்டதில்லை. அந்த வருடம், அடுத்த வருடம் ஷெட் இருக்குமோ இருக்காதோ என்ற வருத்தத்தில், கொஞ்சம் தாராளமாகவே செய்துவிட்டான். முழு மஞ்சள் காப்பு. சிவப்புப் பட்டுத் துணி. எலுமிச்சை மாலை. வேலைப் பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக் வட்டமாக முகம்போல் இருந்ததால், அதன் நடுவில் பெரிய குங்குமம். வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தது.

மறுநாள் காலையில் செயலாளர் தனசேகர், சங்கத்து ஆட்கள் சிலர், விடுமுறை என்றும் பாராமல் மாநகராட்சி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி எல்லோரும் சத்தத்தை விசாரிக்க வந்தார்கள். நடந்ததை முனிராஜ் எனக்குப் போனில் சொன்னான். அவன் சொன்னபடியே தருகிறேன்.

"டேய் சிவா, நான் சண்டைக்கு ரெடியா நின்னுக்கினு இருக்கறன்டா. லுங்கிய மடிச்சுக் கட்டிட்டன். முன்னாடி வந்த அந்த தனசேகர் சார் என்னா பண்ணாரு தெரியுமா? வாசப்படியாண்ட வந்தாரு, உள்ள பாத்தாரு, டக்குனு செருப்ப கழட்டிட்டாரு!"

"எதுக்குடா?"

"நானும் அதேதான் நெனச்சன், எதுக்குடான்னு. அவரு கழட்டனதப் பாத்து பின்னாடி வந்தவங்களும் கழட்டிட்டாங்கோ. அந்த ஆபீசரு ஷூவு, லேசு வேற, உக்காந்து அவுக்கறாரு. உள்ள வந்து கன்னத்துல போட்டுக்கறாங்கடா! 'இது என்ன அம்மன்?'னு கேட்டாரு. பக்கத்துல நம்ம நாகேஷு நிக்கறான். அவன் வாய் சும்மா இருக்குமா? 'லேத்தம்மா சுவாமி'ன்னுட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? ஆபீசரு என்னயத் திட்டறாரு. 'கோயில்னு மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எங்களப் பாவத்துக்கு ஆளாக்கப் பாத்தீங்களே'ன்றாரு. நான் வாயத் தொறக்கல. கையில பொரி இருந்துச்சு, குடுத்தன். கண்ணுல ஒத்திக்கினு போயிட்டாங்கோ."

நான் சிரித்த சிரிப்பில் கவிதா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். மித்ராவுக்கு ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். "கடைசல் இயந்திரத்தைக் கண்டு அரசாங்க அதிகாரி காலணியைக் கழற்றினார்" என்று சொன்னால் அந்த மொழியில் அது ஒரு மருத்துவக் குறிப்புபோல் இருந்தது.

குழுவில் மாலையே செய்தி வந்தது. மனு நிறுத்திவைக்கப்படுகிறது. எதிரே இருப்பது மிகப் பழமையான தொழில்தெய்வம் என்று தெரிய வந்துள்ளது. உரிமையாளர்கள் அந்தப் பக்கமாகப் பால்கனியில் உள்ளாடை காயப்போட வேண்டாம்.

5

பொட்டை அழிக்க முனிராஜுக்கு மனம் வரவில்லை, அல்லது தைரியம் வரவில்லை. ஒரு வாரத்தில் கல்யாணி பிளாக்கிலிருந்து ஓர் அம்மா எலுமிச்சம்பழ விளக்கோடு வந்தார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மறு வாரம் மோகனம் பிளாக்கே வந்தது. லேத்துக்குப் புடவை வந்தது, மணி வந்தது, உண்டியல் வந்தது, கடைசியில் விழாக் கமிட்டி வந்தது. செயலாளர் தனசேகரே தலைவர்.

முனிராஜ் பூசாரியானது யாரும் முடிவு செய்து நடந்ததில்லை. "உங்களுக்குத்தானே அம்மாவ நல்லாத் தெரியும்" என்று எல்லோரும் அவனிடமே தட்டைக் கொடுத்தார்கள். தெரியாமலா? அவளுடைய எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியும். லுங்கி போய் மஞ்சள் வேட்டி வந்தது. ஆயில் கேனை எடுத்து அவன் லேத்தின் தண்டவாளத்தில் எண்ணெய் விடுவதை எண்ணெய்க் காப்பு என்று படம் எடுத்துப் போட்டார்கள்.

சத்தப் பிரச்சினை? அது அப்படியே தலைகீழானது. மார்கழி விடியலில் கமிட்டி ஒலிபெருக்கி வைத்தது, கூம்பு கட்டடத்தைப் பார்த்தபடி. ஞாயிறு பகலில் டிரம்ஸ் கேட்டுக் காதைப் பொத்தியவர்கள் விடியற்காலை இருட்டில் பக்தியோடு எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு பாட்டுக்கும் கமிட்டி அனுமதி கொடுத்தது, பஜனையாக இருந்தால். முனிராஜ் பாட்டில் 'டா'வை எடுத்துவிட்டு 'அம்மா'வைப் போட்டான். "ஏரி எங்கம்மா போச்சு? எட்டு மாடி ஏறிப் போச்சு." எட்டாம் மாடிக்காரர்கள் கண்ணை மூடிக் கைதட்டிப் பாடுகிற வீடியோவை எனக்கு அனுப்பினான். லிஃப்டுக்குள் நின்ற மீன், ஆன்மா உடலுக்குள் சிக்கியிருப்பதைக் குறிக்கிறது என்று செயலாளர் அதில் விளக்கம் சொல்கிறார்.

நான் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஷெட்டு இருக்குது சிவா. பாட்டுத்தான் போச்சு," என்றான் ஒருநாள். "கேன்டீன் பாட்டு பாடக் கூடாதாம், சாப்பாட்டக் கொறை சொன்னா அன்னதானத்துக்கு ஆகாதாம். நைட் ஷிஃப்ட் பசங்கள பாய் போட்டுப் படுக்க உடமாட்டறாங்கோ, சன்னிதியாம். மூணாவது பாட்டு எதுக்கு, சாமிக்குத் தமிழே போதும்றாங்கோ. நாகேஷு வர்றதே இல்ல."

இங்கே நன்றி சொல்லி மூடினார்கள், அங்கே கும்பிட்டு மூடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் பில்டர் வந்தார். சமூகப் பொறுப்பு நிதியில் லேத்தம்மனுக்குக் கருங்கல் மண்டபம் கட்டித் தருகிறாராம். பழைய ஷெட்டை இடித்துவிட்டு, முன்னால் மண்டபம், பின்னால் பக்தர்களுக்குக் கார் நிறுத்துமிடம். பக்தர்களும் ஃபிளாட்காரர்களும் ஒரே ஆட்கள் என்பதால் அது யாருக்கான நிறுத்துமிடம் என்று விளக்கத் தேவையில்லை. குழுவில் ஆதரவு குவிந்தது. நான் மட்டும் வேண்டாம் என்று போட்டேன். "வெளிநாட்டில் இருந்தால் பக்தி குறையும்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார்.

நிலம் முனிராஜுடையதுதான், ஆனால் அம்மனுக்கு வரும் மண்டபத்தைப் பூசாரி எப்படி வேண்டாம் என்பான்? மனுவால் முடியாததைக் காணிக்கை முடித்துவிடும் போலிருந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. முனிராஜுக்குப் போன் செய்தேன்.

"என்னடா பண்ணப் போற?"

"பூசாரி என்னாத்த பண்ணுவான்?" என்றான். "அம்மாகிட்ட பூ கேக்க வேண்டியதுதான்."

எங்கள் பக்கம் கோயிலில் பெரிய காரியத்துக்கு முன்னால் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் மண்டபம், சிவப்பு வந்தால் ஷெட் அப்படியே. கட்டடமே திரண்டு நின்றது. பில்டரும் வந்திருந்தார், செருப்பில்லாமல். சிவப்பு வந்தது. செயலாளர் இன்னொரு முறை கேட்கச் சொன்னார். மறுபடி சிவப்பு. அம்மாவுக்கு ஆஸ்பெஸ்டாஸ்தான் இஷ்டம் என்று குழுவில் அறிவிப்பு வந்தது. அந்தக் கூரையின் எளிமையைப் பற்றி ஒருவர் கவிதையே எழுதிவிட்டார்.

"ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்பா?" என்று கேட்டேன்.

"பூசாரிகிட்ட கேக்கற கேள்வியாடா இது?" என்றான். அதோடு நிற்காமல், "அதுக்குன்னு எல்லாம் பொய்யின்னு நெனக்காத. எத்தினி வருசம் எனக்குச் சோறு போட்ட மிஷினு. கும்புடறதுல ஒரு தப்பும் இல்ல. அவங்கதான் லேட்டா வந்தாங்கோ" என்றான்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊருக்கு வர்றப்ப பாப்பாவ கூட்டினு வா. கிடாரும் எடுத்தாரச் சொல்லு. மத்தியானம் வா, நடை சாத்துன பின்னாடி" என்றான்.

6

இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஓசூர் போனோம். மித்ரா கிட்டாரோடு வந்தாள். நிலவறை மூடியதிலிருந்து அது பெட்டியிலேயே கிடந்தது. பெங்களூர் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் மாநில எல்லை தாண்டியதும் பலகைகளில் எழுத்து மாறுவதைப் பார்த்து, "இப்போது எந்த நாட்டில் இருக்கிறோம்?" என்று கேட்டாள். அதே நாடுதான் என்றேன். நம்பவில்லை.

மறுநாள் மதியம் ஷெட்டுக்குப் போனோம். ஷட்டர் இறக்கியிருந்தது. 'நடை சாத்தப்பட்டுள்ளது. மாலை நான்கு மணிக்குத் திறக்கப்படும். அம்மன் ஓய்வெடுக்கும் நேரம், தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று பலகை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை அமைதி என்ற ஜெர்மன் சட்டத்தை இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை. பின்பக்கம் சுற்றிப் போனால் ஒரு சிறு கதவு. தட்டினோம்.

உள்ளே நுழைந்தோம். பாய் விரித்து நைட் ஷிஃப்ட் பையன்கள் படுத்திருந்தார்கள். முனிராஜ் மஞ்சள் வேட்டியைக் களைந்துவிட்டு லுங்கியில் இருந்தான். நாகேஷ் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, "பாரோ சிவண்ணா" என்று கையாட்டினான். லேத் மட்டும் பட்டுப் புடவையோடு நடுவில் இருந்தது. அம்மன் ஓய்வெடுக்கும் நேரத்தில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், எட்டிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே டிரம்ஸ் கேட்டால்?

"கேட்டா கன்னத்துல போட்டுக்குவாங்கோ," என்றான் முனிராஜ். "நடை சாத்துன பின்னாடி அம்மா தனியா ஆடறான்னு அவங்களே சொல்லிக்கறாங்கோ. நான் ஒரு வார்த்தை சொல்லல."

கேன்டீன் சாம்பார் பாட்டு பாடினார்கள். 'டா' போட்ட ஏரிப் பாட்டைப் பாடினார்கள். பிறகு முனிராஜ் மித்ராவைப் பார்த்து, "பாப்பா, நீ" என்றான். அவள் முதலில் ஜெர்மனில் பாடினாள், நிலவறையில் பாடியது. அடுத்தது ஆங்கிலத்தில். நாகேஷ் அவளுக்கு ஈடு கொடுத்து வாசித்தான். பாயில் படுத்திருந்த ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். அது அங்கே பெரிய கௌரவம்.

"மூணாவது பாட்டு," என்றான் முனிராஜ். "சட்டம் தெரியுமில்ல? சொந்த பாஷையில பாடக் கூடாது."

நான் ஜெர்மனில் விளக்கினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். கிட்டாரைச் சரிசெய்துகொண்டு, சற்று முன் கேட்ட ஏரிப் பாட்டை, தமிழில், பாட ஆரம்பித்தாள்.

நான் சுற்றிப் பார்த்தேன். இது அவள் சொந்த பாஷை, செல்லாது என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. முனிராஜ் தலையாட்டினான். நாகேஷ் வாசித்தான். எனக்கு வலித்தது. அந்த ஷெட்டில் சட்டம் எப்போதும் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. 'ஏரி'யில் அவள் 'ரி' எங்கோ தொண்டைக்குள்ளிருந்து வந்தது. கூட்டம் விசிலடித்தது. 'எட்டு மாடி'யில் இன்னொரு விசில். அவள் பயப்படவில்லை. சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு விசிலுக்கும் குரலை இன்னும் உயர்த்தினாள். நானும் விரலை வாயில் வைத்தேன். காற்றுத்தான் வந்தது.

நான்கு மணிக்குப் பையன்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கதவால் போனார்கள். முனிராஜ் மஞ்சள் வேட்டி கட்டி, முகம் கழுவி, திருநீறு பூசினான். மித்ராவையும் என்னையும் முன்வாசல் பக்கம் சுற்றிப் போய் நிற்கச் சொன்னான். ஷட்டர் ஏறியது. வெளியே செயலாளர் தனசேகர் தேங்காய்த் தட்டோடு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. முனிராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அரை மணி நேரமா வாசல்லயே நிக்கறேங்க. சாத்தின கதவுக்குள்ள பாட்டு கேட்டுது. சின்னப் பொண்ணு குரல். நம்ம ஏரிப் பாட்டுதான். ஆனா அந்தத் தமிழ் நாம பேசற தமிழ் இல்லீங்க. எத்தனை ஆயிரம் வருஷத்துத் தமிழோ! அம்மா வாய் தொறந்துட்டாங்க."

முனிராஜ் என்னைப் பார்க்காமல் கற்பூரம் ஏற்றினான்.

"என்ன சொல்கிறார்?" என்று மித்ரா ஜெர்மனில் கேட்டாள்.

"உன் தமிழ் ரொம்ப நல்லா இருக்காம்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, எனக்குத் தமிழில் முழு வாக்கியமாகப் பதில் சொன்னாள்.

"பொய் சொல்லாத அப்பா."